பிக்கப் முன் சஸ்பென்ஷனை உயர்த்திய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது

முன்பக்கம் லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் ஸ்பேசர் அல்லது ஸ்பிரிங்) போட்ட பிக்கப்கள் சில மாதம் கழித்துப் பட்டறைக்குத் திரும்பி வரும்போது, புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்பீட் பிரேக்கரில் 'டக்' என்கிறது, பூட் (ஆக்சில் ஜாயிண்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் தெறிக்கிறது, ஸ்டியரிங் நேராக நிற்க மாட்டேன் என்கிறது, புது டயர் ஒரு ஓரம் மொட்டையாகிவிட்டது. இவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை: வண்டி உயரம் கூடினால் வீல் டிராவலும் கூடிவிட்டதாக நினைப்பது. உயரம் வேறு, டிராவல் வேறு. வீல் மேலே எவ்வளவு அமுங்கும், கீழே எவ்வளவு தொங்கும், இரண்டும் சேர்ந்ததுதான் டிராவல். உயரத்தை மட்டும் கூட்டினால் தொங்குவதற்கு வைத்திருந்த இடத்தை எடுத்து நிற்பதற்குக் கொடுக்கிறோம்.

கீழே சொல்வதெல்லாம் முன்னால் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு வீலையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம் தாங்கும் அமைப்பு), காயில் ஸ்பிரிங், அதன் நடுவே ஷாக் என்று இருக்கும் வண்டிகளுக்கு. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ், அதே அடித்தளத்தில் வரும் ஃபார்ச்சூனர், 2020-க்குப் பின் வந்த மஹிந்திரா தார் எல்லாம் இந்த வகை. ஜிம்னி, பழைய ஜிப்ஸி போல முன்னாலும் முழு ஆக்சில் உள்ள வண்டிகளுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது.

## எந்தக் கோளாறானாலும் முதலில் எடுக்க வேண்டிய அளவு

சமதளத்தில் நிறுத்தி, வீல் ஹப்பின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடியுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் காற்று குறைந்தாலே அந்த அளவு மாறிவிடும். இது நிற்கும் அளவு.

அப்புறம் பின் வீல்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேஸிஸில் ஜாக்கி வைத்து, இரண்டு முன் வீலும் தரையை விட்டு எழும்படி தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் (இரு பக்க வீலையும் இணைத்து, வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) அந்த வீலை முழுதாக இறங்க விடாது. அளவு பொய்யாக வரும். மறுபடி ஹப்பிலிருந்து மட்கார்டு வரை அளந்து, முதல் அளவைக் கழித்தால் கிடைப்பது தொங்கும் தூரம்.

இந்த வகை பிக்கப்களில் மொத்த டிராவல் சுமார் 200 மி.மீ. அதில் 70, 80 மி.மீ. தொங்கலுக்கு இருந்தால் வண்டி நிம்மதியாக ஓடும். 40-க்குக் கீழே போயிருந்தால், பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அடுத்து, என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஷாக்கின் மேல் தட்டுக்கும் சேஸிஸ் கோபுரத்துக்கும் நடுவே ஒரு அலுமினிய அல்லது பாலியூரித்தேன் வட்டு தெரிந்தால் அது மேல் ஸ்பேசர். கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் கடைந்து வாங்கிப் போடுவது பெரும்பாலும் இதுதான். ஸ்பிரிங்கின் மேல் சுற்றுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே இருந்தால் அது ஸ்பிரிங் ஸ்பேசர். இரண்டும் இல்லையென்றால் ஸ்பிரிங்கோ மொத்த ஷாக்கோ மாற்றப்பட்டிருக்கிறது. மூன்றும் மூன்று விதமாகப் பழுதாகும், அதனால் இதைக் கண்டுபிடிக்காமல் எந்தப் பொருளும் வாங்க வேண்டாம்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். ஷாக் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருவதால், மேலே 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் வீலில் 40 முதல் 50 மி.மீ. வரை உயரும். கடையில் 'வெறும் ஒரு இன்ச்' என்று சொல்வது வீலில் ஏறக்குறைய இரண்டு இன்ச்.

## அறிகுறி: ஸ்பீட் பிரேக்கர் தாண்டி இறங்கும்போது முன்னால் 'டக்'

ஏறும்போது சத்தமில்லை, வீல் கீழே விழும் நொடியில் மட்டும் ஒரு உலோகத் தட்டல். லிஃப்ட் போட்ட வண்டிகளில் அதிகம் வரும் புகார் இதுதான்.

தொங்கும் தூரம் குறைவாக இருந்தால்: ஷாக் தன் முழு நீளத்துக்கு நீண்டு உள்ளேயே முட்டுகிறது. ஸ்பிரிங் ஸ்பேசர் போட்ட வண்டிகளில் இது சகஜம். ஷாக்கின் நீளம் மாறவில்லை, நிற்கும் உயரம் மட்டும் ஏறியிருக்கிறது, ஆகவே வீல் இறங்க மிச்சம் இடமில்லை. ஸ்பேசரைப் பாதியாகக் குறைத்தாலே பல நேரம் சத்தம் நின்றுவிடும்.

ஸ்பேசரே இல்லாமல் இது வந்தால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி விறைப்பானது என்று அர்த்தம். லிஃப்ட் ஸ்பிரிங்குகள் முன்பக்கம் தாங்கப்போகும் எடையை வைத்து விற்கப்படுகின்றன: சும்மா இருக்கும் வண்டிக்கு ஒன்று, இரும்பு பம்பருக்கு ஒன்று, பம்பரோடு வின்ச்சுக்கு (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று இயந்திரம்) ஒன்று. 'பெரியதே போட்டுவிடலாம்' என்று கடைசி வகையை வாங்கி, வெறும் பிளாஸ்டிக் பம்பரோடு ஓட்டினால் வண்டி எப்போதும் எம்பியபடியே நிற்கும். இன்றைக்கு இருக்கும் எடைக்கு ஸ்பிரிங் வாங்குங்கள். வின்ச் வாங்கிய பிறகு அதற்கானதைப் பார்த்துக்கொள்ளலாம்.

தொங்கும் தூரம் சரியாக இருந்தால்: முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராட். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, எதிலும் படாதபடி கம்பியால் கட்டிவிட்டு, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் லிங்க்தான். பார் இல்லாமல் வண்டி வளைவில் அதிகம் சாயும், இந்தச் சோதனையைத் தவிர வேறெதற்கும் அப்படி ஓட்ட வேண்டாம்.

மேல் ஸ்பேசர் உள்ள வண்டியில்: வீலைக் கழற்றி, மேல் ஆர்மின் உள்பக்கத்தையும் அதற்கு எதிரே இருக்கும் ஸ்பிரிங் சுற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே உயரத்தில் பெயிண்ட் போய் வெள்ளை உலோகம் பளபளத்தால், வீல் தொங்கும்போது ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிக்கிறது. மேல் ஸ்பேசர் ஷாக்கையே கீழே தள்ளுவதால் வீல் முன்பைவிட அதிகம் இறங்கும். டிராவல் கூடியது போலத் தோன்றும். ஆனால் கம்பெனி கொடுத்த மேல் ஆர்மும் பால் ஜாயிண்ட்டும் (ஆர்மின் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டு) அந்தக் கோணத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. குறைந்த செலவில் முடிப்பதென்றால் ஸ்பேசரைக் குறைப்பது. அதிகச் செலவில் முடிப்பதென்றால் ஸ்பிரிங்கை ஒதுங்கிப் போகும்படி வளைத்துச் செய்த புது மேல் ஆர்ம்.

எதிலும் அகப்படாவிட்டால்: கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து வீலை லேசாகத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் பால் ஜாயிண்ட் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அங்கே அசைவு தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் வீல் மடிந்து வண்டிக்கு அடியில் போய்விடும்.

## அறிகுறி: பள்ளத்தில் விழும்போது 'டம்' என்று அடி வாங்குகிறது

பம்ப் ஸ்டாப்பின் (வீல் முழுதாக அமுங்கும்போது அடியை ஏற்கும் ரப்பர் கட்டை) நுனியில் எலுமிச்சை அளவு களிமண்ணை ஒட்டி, வழக்கமாக அடி வாங்கும் பாதையில் ஒருமுறை போய் வாருங்கள்.

களிமண் நசுங்கியிருந்தால்: பம்ப் ஸ்டாப் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அது வரை வராமல் தடுக்க வேண்டிய ஷாக்கோ ஸ்பிரிங்கோ சோர்ந்துவிட்டது. கரடுமுரடான பாதையில் நன்றாக ஓட்டி நிறுத்திய கையோடு இரண்டு ஷாக்கின் உடலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், கவனமாக, நன்றாகவே சுடும். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதுதான் செத்துப்போனது. ராடில் எண்ணெய்ப் படலம் லேசாக இருப்பது பரவாயில்லை, வழிந்து மண் ஒட்டியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

களிமண் அப்படியே இருக்க, அடி மட்டும் விழுந்தால்: இது மோசமான நிலை. பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் தரை தட்டுகிறது. மேல் ஸ்பேசர்தான் காரணம். ஷாக்கின் உயரத்தோடு ஸ்பேசரின் தடிமனும் சேர்ந்துகொள்வதால், முன்பு பம்ப் ஸ்டாப் ஏற்ற அடியை இப்போது ஷாக்கின் பிஸ்டன் ஏற்கிறது. சில வாரங்களில் ஷாக் போய்விடும், விட்டால் மேல் மவுண்ட்டும் விரியும். ஸ்பேசரை எடுத்துவிடுவதே நல்லது. எடுக்க மனமில்லையென்றால் ஷாக் முழுதாக அமுங்குவதற்கு முன் தொடும்படி பம்ப் ஸ்டாப்பின் உயரத்தைக் கூட்ட வேண்டும். அப்போது மேலே அமுங்கும் தூரம் குறைந்துதான் போகும்.

ஸ்பிரிங் மாற்றிய வண்டியானால் ஒன்றைக் கூடுதலாகப் பாருங்கள். சுற்றுகளுக்கு நடுவே பெயிண்ட் உரிந்து கோடு கோடாகப் பளபளத்தால் ஸ்பிரிங் சுற்றோடு சுற்று முட்டுகிறது. அந்த ஸ்பிரிங் இந்த ஷாக்குக்குப் பொருத்தமில்லை.

ஸ்பிரிங்கை ஷாக்கிலிருந்து பிரிக்கும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். ஷாக்கின் உச்சியில் நடுவில் இருக்கும் அந்த ஒற்றை நட்டை, ஸ்பிரிங் அமுக்கப்படாத நிலையில் கழற்றினால் உள்ளே அடைபட்டிருக்கும் விசை முழுதும் ஒரே நொடியில் வெளியே வரும். கையோ முகமோ போய்விடும். சுவரோடு பொருத்திய நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர் உள்ள இடத்தில் கொடுங்கள். இதில் மிச்சப்படுத்தும் காசு காசே இல்லை.

## அறிகுறி: திருப்பும்போது கடகடப்பு, அல்லது வேகம் எடுக்கும்போது அதிர்வு

முழுதாக ஸ்டியரிங் வெட்டி மெல்ல வேகம் கொடுக்கும்போது 'கட கட' என்றால் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் (வீல் திரும்பினாலும் ஏறி இறங்கினாலும் ஆக்சில் ஷாஃப்ட் சுழல விடும் மூட்டு). நேராகப் போகையில் ஆக்ஸிலேட்டர் மிதித்தால் மட்டும் அதிர்ந்து, காலை எடுத்தால் நின்றால் உள்பக்க ஜாயிண்ட். ஃபோர்-வீல் டிரைவில் போட்டு இதைச் சோதிப்பதாக இருந்தால் மணலிலோ புழுதியிலோ செய்யுங்கள். தார்ச் சாலையில் முழு வெட்டில் சுற்றினால் கியர் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும்.

'நான் எப்போதும் டூ-வீல் டிரைவில்தான் ஓட்டுகிறேன், சிவி ஜாயிண்ட் எப்படித் தேயும்?' என்று பலர் கேட்கிறார்கள். கையால் பூட்டும் ஹப் இல்லாத வண்டிகளில், டூ-வீல் டிரைவிலும் வீலோடு சேர்ந்து ஆக்சில் ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கும். பளு இல்லாவிட்டாலும் கோணம் கோணம்தான்.

பூட் முழுதாக இருந்து, கிரீஸ் மட்டும் கசிந்தால்: உள் பூட்டின் கிளாம்ப்பைப் பாருங்கள். ஷாஃப்ட் செங்குத்தாக இறங்க இறங்க பூட்டின் மடிப்புகள் கீழ்பக்கம் ஒன்றோடொன்று நெருங்கி உரசும், மேல்பக்கம் விறைத்து இழுபடும், கிளாம்ப்பின் வாயில் கிரீஸ் பிதுங்கும். கீழ்த் தகட்டிலும் சேஸிஸின் உள்பக்கத்திலும் வரி பிடித்தது போலக் கிரீஸ் தெறித்திருக்கும். நல்ல கிளாம்ப்பாக மாற்றி, உயரத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.

பூட் கிழிந்திருந்தால்: உள்ளேயிருந்து கொஞ்சம் கிரீஸை எடுத்து விரல் இடுக்கில் தேயுங்கள். வழவழப்பாக இருந்தால் கழுவி, புது கிரீஸ் அடைத்து, புது பூட் போட்டால் போதும். மணல் நறநறத்தால் ஜாயிண்ட்டின் ஆயுள் முடிந்தது, பூட் மட்டும் மாற்றுவது வீண். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் கிழிந்த பூட்டோடு ஓட்டிய வண்டிகளில் இரண்டாவது நிலைதான் எப்போதும்.

மாற்றியும் திரும்பத் திரும்பக் கிழிந்தால்: ஷாஃப்ட்டின் கோணத்தைக் குறைத்தாக வேண்டும். முன் டிஃபரன்ஷியலை (இரு முன் வீலுக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) 20, 25 மி.மீ. கீழே இறக்கும் ஸ்பேசர்கள் கிடைக்கின்றன. வீலில் 50 மி.மீ.க்கு மேல் உயர்த்திய வண்டிக்கு இது தேவைப்படும். டிஃபரன்ஷியலுக்கு அடியிலிருக்கும் இடைவெளி அதே அளவு குறையும் என்பதையும், கீழ்த் தகட்டையும் சேர்த்து இறக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இந்த வேலைக்கு வண்டியைத் தூக்கும் லிஃப்ட் இயந்திரம் உள்ள பட்டறைதான் சரி.

## அறிகுறி: நேர்ச்சாலையில் ஸ்டியரிங் அலைகிறது, திருப்பிவிட்டால் தானாக நேராவதில்லை

பெரும்பாலும் காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் வீல் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்திருக்கும். முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள், அப்புறம் டை ராட் (ஸ்டியரிங்கின் திருப்பலை வீலுக்குக் கொண்டுபோகும் கம்பி) எண்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் அலைன்மெண்ட் கடையில் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். 'எல்லாம் பச்சையில் இருக்கிறது சார்' என்ற வாய்வார்த்தை போதாது. தாளில் காஸ்டர் என்ற வரியைப் பார்க்க வேண்டும். பல கடைகளில் டோ (மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் திருத்திவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

கீழ் ஆர்மின் கேம் போல்ட்டுகளை (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் அலைன்மெண்ட் போல்ட்டுகள்) கடைசி வரை திருப்பியும் காஸ்டர் கம்பெனி அளவுக்கு வரவில்லையென்றால், கூடுதல் காஸ்டரோடு செய்யப்பட்ட மேல் ஆர்ம் போட வேண்டும். பொதுவாக அவை 2, 3 டிகிரி திருப்பித் தருகின்றன. காஸ்டரை மாற்றினால் வீல் முன்னேயோ பின்னேயோ சற்று நகரலாம், டயர் எங்காவது உரசுகிறதா என்று உடனே பாருங்கள்.

## அறிகுறி: குழியில் ஒரு வீல் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறது

டை ராடும் கீழ் ஆர்மும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருக்கும்வரை வீல் ஏறி இறங்கினாலும் திசை மாறாது. உயர்த்தியபின் இரண்டின் கோணமும் விலகினால், ஒவ்வொரு குழியிலும் வீல் தானே திரும்பும். முன்னால் குனிந்து இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், விலகல் கண்ணுக்கே தெரியும். உயரத்தைக் குறைப்பதுதான் எளிய வழி. ஸ்டியரிங் ரேக்கை நகர்த்துவது, நக்கிளில் (ஹப்பைத் தாங்கும் பாகம்) துளை மாற்றுவது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ஸ்டியரிங் பாகத்தில் வெல்டிங்கும் துளையும் கூடாது.

## அறிகுறி: டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறது

உள் ஓரம் வழவழப்பாகத் தேய்ந்தால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் வீலின் மேல்பக்கச் சாய்வு) உள்சாய்வு, வெளி ஓரமென்றால் வெளிச்சாய்வு. உள்ளங்கையை டயரின் குறுக்கே இரு திசையிலும் ஓட்டும்போது ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பம் போல் சுரண்டினால் டோ.

அலைன்மெண்ட் செய்தும் ஒரு மாதத்தில் மாறிவிடுகிறதென்றால் கேம் போல்ட் நழுவுகிறது. போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் சந்தேகமே இல்லை. லிஃப்ட் போட்டவுடன் செய்த அலைன்மெண்ட் நிற்காது. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் படியும், அதன் பிறகு மறுபடி செய்தாக வேண்டும்.

ஆர்ம் புஷ்கள் சீக்கிரம் கிழிவதற்கும் அலைன்மெண்ட் மாறுவதற்கும் இன்னொரு காரணம் உண்டு. பொருத்திய அன்று வண்டி லிஃப்ட்டில், வீல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ் அந்தத் தொங்கும் நிலையில் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கினால் நின்ற இடத்திலேயே புஷ் முறுக்கப்பட்டு நிற்கும், ஓட ஓட இன்னும் முறுக்கிக் கிழியும். திருத்துவதற்குச் செலவே இல்லை: நான்கு வீலும் தரையில் நிற்க, போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி ஆட்டிவிட்டு, டார்க் ரெஞ்சில் கம்பெனி அளவுக்கு இறுக்குங்கள். பொருத்தும் இடத்தில் கூட நின்று இதைக் கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி: வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

இரு பக்கமும் ஹப்-மட்கார்டு அளவை எடுங்கள். 10 மி.மீ.க்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். டிரைவர் பக்கத்து எடையே அவ்வளவுக்குப் போதும். அதற்கு மேல் என்றால், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி நீளத்தில் வரும் ஸ்பிரிங் செட்டை மாற்றிப் போட்டுவிட்டார்களா என்று ஸ்பிரிங்கில் இருக்கும் குறியைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் தாழ்ந்த பக்கம் 5 மி.மீ. ஸ்பிரிங் ஸ்பேசர் போதும். அடிபட்ட வண்டியானால் சேஸிஸ் அளவெடுக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

## அறிகுறி: ஏபிஎஸ் விளக்கு எரிகிறது

வீலை முழுதாகத் தொங்கவிட்டு இரு பக்கமும் ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். சென்சார் வயர் விறைத்து நின்றால் கிளிப்பைக் கழற்றித் தளர்வாக மாற்றிப் பொருத்துங்கள். பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் இருக்கும். அது விறைத்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள், நீளமான ஹோஸ் போடும் வரை வண்டி நிற்கட்டும்.

## அறிகுறி: உயர்த்தியாயிற்று, ஆனாலும் மேடுபள்ளத்தில் வீல் காற்றில் தூக்கிக்கொள்கிறது

இந்தப் புகாரோடு வருபவர்களுக்குத்தான் உண்மையில் டிராவல் வேண்டும். இது பழுதில்லை. போட்ட கிட் டிராவலைத் தரும் கிட் இல்லை, அவ்வளவுதான்.

செலவே இல்லாதது: காட்டுப்பாதையில் மட்டும் ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஒரு வீல் ஏறும்போது மற்றது இறங்க விடாமல் பிடிப்பது அந்தப் பார்தான். பல வண்டிகளுக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. தார்ச் சாலைக்கு வந்ததும் மாட்டிவிட வேண்டும்.

அடுத்தது: ஸ்பேசரைக் குறைத்துத் தொங்கும் தூரத்தைத் திருப்பி எடுப்பது. உயரம் 20 மி.மீ. இறங்கி வீல் தரையில் ஒட்டி நின்றால், அந்த வண்டி முன்பைவிட நன்றாக ஏறும்.

பொருள் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை: முழு ஏற்ற இறக்கச் சோதனை. இதைச் செய்யாமல் நீளமான ஷாக் வாங்குவதைத்தான் நான் அதிகம் தடுக்கிறேன். பட்டறையில் ஸ்பிரிங்கோடு ஷாக்கை மொத்தமாக இறக்கிவிட்டு, ஸ்டெபிலைசர் லிங்க்கையும் கழற்றி, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து, வீலை அடி மட்டத்திலிருந்து பம்ப் ஸ்டாப் தொடும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். 25 மி.மீ.க்கு ஒரு முறை நிறுத்துங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள்.

அடி மட்டத்தில் ஷாஃப்ட் ஒரு இடத்தில் இறுகி 'முட்டி முட்டி'ச் சுழன்றால், அதுதான் சிவி ஜாயிண்ட்டின் எல்லை. இங்கே பெரும்பாலும் உள் ஜாயிண்ட்தான் முதலில் கையை விரிக்கும். அடுத்து மேல் பால் ஜாயிண்ட்டின் தண்டு அதன் கிண்ணத்தின் விளிம்பில் சாய்ந்துவிட்டதா, பிரேக் ஹோஸ் எங்கே விறைக்கிறது, மேலே ஏற்றும்போது டயர் முதலில் எங்கே படுகிறது, மட்கார்டிலா, பின்னால் கேபின் மவுண்ட்டிலா, எல்லாவற்றையும் அந்தந்த உயரத்தோடு எழுதி வையுங்கள். இவற்றில் முதலில் முட்டுவது எது என்பதுதான் உங்கள் வண்டியின் டிராவல். அதைத் தாண்டி நீளும் ஷாக்குக்குக் கொடுக்கும் பணம் சிவி ஜாயிண்ட்டை உடைக்கத்தான் பயன்படும்.

அந்தத் தாள் கையில் வந்த பிறகு: முதலில் முட்டுவது கம்பெனி ஷாக் மட்டும்தான் என்றால், சற்றே நீளமான ஷாக்கும் அதற்கேற்ற ஸ்பிரிங்கும். பால் ஜாயிண்ட் என்றால் அதிகம் சாயக்கூடிய ஜாயிண்ட்டோடு வரும் மேல் ஆர்ம். இதில் யூனிபால் வகை கோணம் நிறையத் தரும், ஆனால் திறந்திருக்கும் ஜாயிண்ட், நம் சேற்றிலும் மழையிலும் சீக்கிரம் சத்தம் போடும். தினமும் ஓட்டும் வண்டிக்கு மூடிய பால் ஜாயிண்ட் உள்ள ஆர்மையே சொல்வேன். இவையெல்லாம் சேர்ந்து 200 மி.மீ. டிராவலை 230, 250 வரை கொண்டுவரும்.

டயர் படுகிறது என்றால் உள் பிளாஸ்டிக்கை வெட்டுவது, மட்ஃபிளாப்பை நகர்த்துவது வரை வீட்டில் செய்யலாம். கேபின் மவுண்ட்டை வெட்டி வெல்டிங் வைப்பது வீட்டு வேலை அல்ல. பெரிய டயரும் வெளியே தள்ளிய வீலும் சேர்ந்தால் உரசல் இரட்டிப்பாகும் என்பதால் இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

சிவி ஜாயிண்ட்டே எல்லை என்றால் எளிய வழிகள் முடிந்துவிட்டன. இதற்கு மேல் போக நீளமான கீழ் ஆர்ம், மேல் ஆர்ம், நீளமான ஆக்சில் ஷாஃப்ட், டை ராட் என எல்லாம் மாற வேண்டும். அமெரிக்கப் பாலைவனங்களில் ஓடும் டொயோட்டா டகோமா பிக்கப்களில் இப்படிச் செய்து ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை இன்ச் அகலம் கூட்டி, 300 மி.மீ.க்கு மேல் டிராவல் எடுக்கிறார்கள். மட்கார்டையும் ஃபைபரில் அகலமாகச் செய்துகொள்கிறார்கள். இங்கே அதைப் பதிவுச் சாலை வண்டியில் செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். போட்டிக்கென்று தனியாக வைத்திருக்கும் வண்டிக்கு, மூடிய தடத்தில் மட்டும், அதற்கென்றே செய்யும் ஃபேப்ரிகேட்டரிடம் கொடுத்துச் செய்யலாம்.

எதைப் போட்டாலும் கடைசியில் ஒரு லிமிட் ஸ்டிராப்: சோதனையில் ஷாஃப்ட் இறுகிய உயரம் தெரியும் அல்லவா, அதற்கு 10, 15 மி.மீ. முன்பே வீலை நிறுத்தும்படி சேஸிஸுக்கும் கீழ் ஆர்முக்கும் நடுவே நைலான் பட்டையைக் கட்டுங்கள். பளு விழும்போது பட்டை கொஞ்சம் நீளும், அதையும் சேர்த்து அளவு வையுங்கள். பொருத்தியபின் இரண்டு வீலையும் தொங்கவிட்டு ஷாஃப்ட்டை மறுபடி கையால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுழன்றால் வீலை மாட்டலாம். எங்காவது பிடித்தால் பட்டையை ஒரு துளை குறைத்துக் கட்டி, திரும்பவும் சுழற்றிப் பாருங்கள்.